கோடு விழாத பூச்சு

நல்ல பிரஷ் என்பது முதலில் முடி கொட்டாத பிரஷ். வாங்கியவுடன் உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டி, விரலால் நீவி, உதிர வேண்டியதையெல்லாம் உதிரவிட்டுத்தான் பெயிண்டில் தோய்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தவர் என் கணவர். அவர் இறந்ததைப் பற்றித்தான் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பிரஷ்ஷிலிருந்து தொடங்காமல் அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

"மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்கம்மா, பயப்படாதீங்க" என்றீர்கள், இன்ஸ்பெக்டர். பயம் இல்லை. ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் பிழை திருத்தினேன். அடுத்தவர் எழுத்தையே பார்த்துப் பழகிய எனக்குச் சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அடித்தல் திருத்தல் இருக்காது.

அது அவருடைய அப்பா ஓட்டிய கார். இந்தக் காலத்துக் கார் மாதிரி இல்லை. மேல்கூடு தனி, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் தனி. சேஸ் என்பார்கள். ஏணியைப் படுக்கப் போட்டது போல இருக்கும்: நீளவாக்கில் இரண்டு சட்டங்கள், நடுநடுவே குறுக்குச் சட்டங்கள். அவர் ஆள் வைத்துக் கூட்டைத் தூக்கி இறக்கி, துருவைச் சுரண்டி, சேஸை மர முக்காலிகள் மேல் ஏற்றி வைத்த வாரத்தில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் போயிற்று. நாக்கு மட்டும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. வந்தது பழைய நாக்குதான்.

பார்க்க வந்த என் கொழுந்தன் நல்லதைத்தான் சொன்னான்.

"ஒர்க்‌ஷாப்ல குடுத்தா ஸ்ப்ரே அடிச்சு சாயங்காலமே குடுத்துடுவாங்கண்ணே. மேல பாடி உட்கார்ந்துட்டா அடியில யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்டா. எங்கப்பா வண்டி. கையாலதான் அடிக்கணும்."

"எங்கப்பாவும்தாண்ணே. சரி, யாரு கையி? நீங்க கட்டில்ல கிடக்கறீங்க."

கணவர் என் பக்கம் கண்ணைத் திருப்பினார். "அதான் பிழை திருத்தற அம்மா இருக்காங்களே. ரிட்டயர் ஆகி சும்மாத்தானே உட்கார்ந்திருக்காங்க."

அன்று காலை நான் அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, ஊட்டி, மூத்திரம் நனைந்த விரிப்பைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே அவர் சொன்னது உண்மைதான். உட்கார்ந்துதான் இருந்தேன்.

வேலை எனக்குப் பிடித்துவிட்டது. இதை யாரும் நம்பமாட்டார்கள். உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, செம்மண் நிறத்தில் பிரைமர் அடித்து, அதன்மேல் கறுப்பு எனாமல். எனாமலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனை வரை நிறுத்தக் கூடாது. அடித்த ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த வீச்சு அதில் போய்க் கலக்க வேண்டும். ஓரம் காயத் தொடங்கி இழுத்துக்கொண்ட பிறகு கலந்தால் கோடு விழும். கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது.

"பாதியில கைய எடுத்தா அது அடிச்சதே இல்ல. உலகம் இடிஞ்சு விழுந்தாலும் கைய எடுக்கக் கூடாது" என்பார். அவருடைய வார்த்தைகளையே எழுதியிருக்கிறேன். அவர் தம்பியைக் கேளுங்கள், அவனுக்கும் சொல்லியிருக்கிறார்.

அவர் கட்டில் ஷெட்டை ஒட்டிய அறையில் இருந்தது. நடுவில் ஒரு கதவு. அது ஷெட் பக்கம் திறக்கும். கட்டில் கம்பியில் ஒரு சைக்கிள் மணியை மாட்டச் சொல்லி, இடது கட்டைவிரலால் அடிப்பார். தண்ணீர், மின்விசிறி, தலையணை. அடித்ததும் நான் பிரஷ்ஷை வைத்துவிட்டுப் போவேன். திரும்பி வருவதற்குள் ஓரம் இழுத்துக்கொண்டிருக்கும். மறுநாள் காய்ந்த பிறகு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து சட்டத்தருகே நிறுத்துவேன். இடது கை விரல்கள் மெல்ல ஊர்ந்து போகும். ஓரிடத்தில் நிற்கும்.

"இங்க ஒரு கோடு."

"நீங்க மணி அடிச்சீங்க. அதான்..."

"நான் மணி அடிச்சா பெயிண்ட் காஞ்சிடுமா? ஊரு பிழையெல்லாம் கண்ணுல படுது, சொந்தப் பிழை படலியாக்கும். உப்புத்தாள எடு."

எடுப்பேன். முழுச் சட்டத்தையும் தேய்த்துவிட்டு முதலிலிருந்து அடிப்பேன். மறுபடி மணி. மறுபடி கோடு. மறுபடி உப்புத்தாள். ஒருமுறை கடைசி முழம் இருக்கும்போது மணி அடித்தது. ஓடிப்போய் நின்றேன்.

"ஒண்ணுமில்ல. மணி அடிக்குதான்னு பாத்தேன்" என்று பாதி முகத்தால் சிரித்தார்.

நானும் சிரித்தேன். இதையெல்லாம் நான் வன்மம் வைத்ததற்குக் காரணமாக நீங்கள் எழுதிக்கொண்டால் அது பிழை. எனக்கு வன்மம் இல்லை. ஒரு சட்டத்தை ஒரே மூச்சில் அடித்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான். வாழ்க்கையில் நான் முழுதாகக் கேட்ட ஒரே பொருள் அது.

கதவிடுக்கில் டேப் ஒட்டச் சொன்னதும் அவரே. அறையில் மின்விசிறி ஓடினால் தூசி இந்தப் பக்கம் வந்து ஈரப் பூச்சில் உட்காருமாம். அதனால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் கதவைச் சுற்றிக் காகித டேப் ஒட்டுவேன். அவரிடம் போக வேண்டுமானால் கூடத்தைச் சுற்றிப் போகலாம்.

அன்று காற்றே இல்லை. எனாமலுக்கு அதைவிட நல்ல காலை கிடையாது. அவருக்கு ஊட்டி, மாத்திரை கொடுத்து, முகம் துடைத்துவிட்டு வந்து தொடங்கினேன். கை அதுவாகப் போயிற்று. கால்வாசி போவதற்குள் மணி அடித்தது. கையை எடுக்கவில்லை. மறுபடி நீளமாக அடித்தது. பிறகு விட்டுவிட்டு, கணக்கில்லாமல் அடித்தது. பிறகு ஏதோ விழுந்தது. தலையணை விழுந்தால் அப்படிக் கேட்காது.

கொஞ்ச நேரத்தில் கதவுக்குப் பின்னால் தரையில் எதையோ இழுப்பது போலச் சத்தம் வந்தது.

"இந்தாம்மா" என்றார். கேலி இல்லாமல் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"வந்துட்டேங்க, ஒரு முழந்தான் பாக்கி" என்றேன். பாதிச் சட்டம் பாக்கி இருந்தது.

அடித்து முடித்தேன். ஈர எனாமலில் பூச்சி உட்கார்ந்தால் எடுக்க முடியாது என்பதால், அட்டை விசிறியோடு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே காவல் இருந்தேன். புறங்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், பிரஷ்ஷைத் தின்னரில் கழுவித் தலைகீழாக மாட்டினேன். பிறகுதான் டேப்பை உரித்தேன். டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாம்" என்றார். அவருக்குப் பெயிண்டைப் பற்றி என்ன தெரியும்.

உரித்த டேப்பைக் குப்பையிலிருந்து எடுத்து உங்களிடம் கொடுத்தது என் கொழுந்தன். துக்கத்துக்கு வந்தவன் ஷெட்டையும் பெருக்கிக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

"பெயிண்ட் டப்பா தொறக்கறதுக்கு முன்னாடிதானே டேப் ஒட்டுவீங்க அண்ணி? அப்புறம் எப்படி அதுல கறுப்புக் கைரேகை?" என்று கேட்டான்.

பழைய டேப் என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல்லமாட்டேன். ஒவ்வொரு பூச்சுக்கும் புது டேப் ஒட்டுவேன்.

அந்தக் கதவு மேலே இறுக்கம், கீழே தளர்வு. "இந்தாம்மா" என்ற பிறகு அடிப்பக்கம் வெளியே பிதுங்கியது. தரையோடு தரையாக ஒரு பக்க டேப் விட்டுக்கொண்டது. திறந்தால் விசிறிக் காற்று நேரே சட்டத்தின்மேல். பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, வலது கட்டைவிரலால் டேப்பை அழுத்தி ஒட்டினேன். நன்றாக ஒட்டும்வரை விரலை எடுக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கதவு கொஞ்ச நேரம் என் விரலைத் தள்ளியது. பிறகு தள்ளவில்லை. திரும்பி வந்தேன். ஓரம் இன்னும் ஈரமாகவே இருந்தது.

இதற்கு எந்தத் தண்டனை உண்டோ கொடுங்கள். மன்னிப்பு என்ற வார்த்தையை இதில் தேடாதீர்கள். வேண்டுமானால் ஷெட்டுக்குப் போய்க் கையை வைத்துப் பாருங்கள், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. அவரும் பார்த்தார். டேப்பை உரித்துக் கதவைத் திறந்தபோது வாசலிலேயே கிடந்தார், கண் திறந்திருந்தது, நேரே சட்டத்தின் பக்கம். முழு நீளமும் அங்கிருந்து தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குறை இருந்தால் சொல்லாமல் விடுகிற மனிதர் இல்லை.