பன்னிரண்டு படி, ஒரு திருப்பம்

– அண்ணே, லிஃப்ட் பக்கம் போகாதீங்க. படி இந்தப் பக்கம்.

– போம்மா. இருபது வருஷமா லிஃப்ட் ஓட்டுறவனைப் படியில நடக்கச் சொல்றியா? பொத்தானை அமுக்கிட்டேன். மூணாவது மாடியில நிக்குது, இதோ வந்துடும்.

– இந்த மாடி ஸ்டோர் ரூம் பத்தி எரியுது. கரண்ட் போச்சுன்னா அந்தக் கூண்டுக்குள்ள நாம ரெண்டு பேரும்...

– வாயைக் கழுவு.

– போயிடுச்சு, பாத்தீங்களா?

– ஐயோ, ஒண்ணுமே தெரியலையே. மத்தவங்கல்லாம் எங்கம்மா?

– அபாய மணி அடிச்சதுமே இறங்கிட்டாங்க. ஆறாவது மாடியில சாப்பிட்டுட்டுக் குறட்டை விட்டது நீங்க ஒருத்தர்தான். இந்தாங்க, ஈரத்துணி. மூக்குல வச்சுக்குங்க.

– தரை துடைக்கிற துணியா?

– புதுசுதான். உயிர் போற நேரத்துலயும் உங்களுக்குச் சுத்தம். குனிஞ்சு வாங்க. கதவை இழுத்துச் சாத்துங்க, புகை பின்னாடியே வரும்.

– சாத்திட்டேன். எனக்குப் படியே பழக்கமில்லம்மா. முட்டி வேற.

– என் தோளைப் பிடிங்க. பன்னிரண்டு படி, ஒரு திருப்பம். மறுபடி பன்னிரண்டு. தினம் துடைக்கிறவ நான், கண்ணைக் கட்டி விட்டாலும் இறங்குவேன். சத்தமா எண்ணுங்க.

– ஒண்ணு, ரெண்டு, மூணு... யாரும் ஏறாத படியை எதுக்குத் துடைக்கிறேன்னு உன்னைக் கிண்டல் பண்ணினேனே.

– எண்ணுங்கண்ணே. அஞ்சாவது மாடி தாண்டியாச்சு.

– பத்து, பதினொண்ணு... நில்லு. இது நாலாவதுதானே?

– ஆமா. ஜோராத்தான் வர்றீங்க.

– இதுக்குக் கீழ போக முடியாது. வா, மேலயே போயிடலாம்.

– நெருப்புக்கா? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?

– மூணாவது மாடித் திருப்பத்துல அட்டைப்பெட்டிம்மா. ஆள் உயரத்துக்கு அடைச்சுக் கிடக்கு.

– படிப் பக்கமே வராதவருக்கு அது எப்படித் தெரியும்?

– நான்தான் அடுக்கினேன். காலிப் பெட்டியையெல்லாம் என் லிஃப்டுல போட்டுட்டுப் போயிடறாங்க. படியில யாரு வரப்போறான்னு அங்க தள்ளிட்டேன். பாவி, உன்னையும் சேத்துக் கொன்னுட்டேனே.

– அழறதைக் கீழ போய் வச்சுக்கலாம். எண்ணுங்க.

– ஒம்போது, பத்து, பதினொண்ணு... பன்னிரண்டு. அம்மா, கைக்கு ஒண்ணுமே தட்டுப்படல. சுவர் வரைக்கும் காலி.

– அப்புறம் என்ன, இறங்குங்க. தள்ளாடாதீங்க. அதோ, வாசல் வெளிச்சம்.

– வந்துட்டோம். காத்தும்மா, நல்ல காத்து. நீ என்ன சிரிக்கிற?

– தீயணைப்பு வண்டி வந்தாச்சு. இனிமே சிரிக்கலாம்.

– அந்தப் பெட்டிங்க எங்க? காலையிலதானே அடுக்கினேன்.

– நாலு மாசமா தினமும் அடுக்குறீங்க. நானும் தினமும் எடுத்துப் போடுறேன்.

– குப்பையோட யாரோ எடுத்துட்டுப் போறாங்கன்னு நினைச்சேன். அடுக்குறது நான்தான்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?

– தெரியும். உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். இன்னைக்கு எனக்கும் ஆத்திரம் வந்துடுச்சு. நீங்க சாப்பிடப் போன நேரமா பாத்து, அத்தனையையும் ஒரே இடத்துல திணிச்சுட்டேன்.

– எங்க?

– மேல நின்னு பொத்தானை அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டீங்களே, அந்த லிஃப்டுக்குள்ளதான். கூரை வரைக்கும்.