அவள் இடது கைக்காக

வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் தங்கள் இடது கையைப் பற்றி நினைப்பதே இல்லை மேடம். வேகம் வலது கையில் இருப்பதால் மரியாதையும் அதற்கே போய்விடுகிறது. ஆனால் நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தவரைக் கவனித்துப் பாருங்கள், இடது கையைத்தான் உதறுவார். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் கிளட்ச் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

என் மனைவி கால்நடை மருத்துவர். பண்ணை பண்ணையாகப் போய் மாடு பார்க்கிற வேலை. மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு சேற்றிலும் கல்லிலும் போக வேண்டும், ஸ்கூட்டர் சரிப்படாது. அதனால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினோம். எஞ்சின் நன்றாக இருந்தது, கிளட்ச் மட்டும் கல். வாங்கிய புதிதில் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பாள். மாட்டுக்குச் சினை பார்க்க அவள் உள்ளே விடுவதும் இடது கைதான். அந்தக் கை போனால் அவள் தொழிலே போனது. இது எனக்கு அன்றைக்கே நன்றாகத் தெரியும். நீங்கள் தோண்டித் துருவி எடுத்ததாக இருக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பேரிங் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். முடியளவு வித்தியாசத்துக்காகப் பொருளைத் திருப்பி அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு பெண் கை வலியோடு வண்டி ஓட்டுவதா என்று மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பழைய கேபிளைத் தூக்கிப் போட்டுப் புதியது மாட்டினேன். டேங்குக்கு அடியில் அது முழங்கை மாதிரி மடங்கிப் போய்க்கொண்டிருந்தது. வளைவு தெரியாமல் சுற்றி விட்டேன். எஞ்சின் பக்கத்தில் கேபிள் பிடித்து இழுக்கும் சின்ன இரும்புக் கை ஒன்று உண்டு. அதைவிடச் சற்று நீளமாக ஒன்றை எங்கள் பட்டறையில் செய்து வாங்கி வந்தேன். கை நீண்டால் பாரம் குறையும். ஆனால் கிளட்ச் முழுதாக விடாமல் வண்டி தானே முன்னால் நகரப் பார்க்கும். லீவரில் எவ்வளவு தளர்வு விடுவது என்று கூட்டிக் குறைத்து அதையும் சரிக்கட்டினேன். அவளுக்குக் குட்டை விரல். லீவரைக் கைப்பிடிக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தேன்.

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள்.

"என்னங்க, இது என் வண்டிதானா? பஞ்சு மாதிரி இருக்கு."

அந்த வார்த்தைக்காக நான் இன்னும் நூறு கிளட்ச் கழற்றுவேன்.

அப்புறம் நடந்ததற்கும் நான்தான் காரணம். கை வலிக்காததால் அவள் தூரம் போக ஆரம்பித்தாள். பக்கத்துப் பண்ணைகளோடு நின்றவள் மலையடிவாரம் வரை போனாள். எந்த மாடு கன்று போட முடியாமல் கிடந்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். மேலதிகாரிகள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். நான் வேலை முடிந்து வந்து சமைத்துவிட்டு, தட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருவாள், சட்டையில் சாணமும் முகத்தில் சிரிப்புமாக. ஒரு பக்கம் சாப்பாடு, ஒரு பக்கம் கன்றுக்குட்டி கதை. என் நாள் எப்படிப் போனது என்று கேட்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவாள்.

அவள் அலுவலகத்தில் ஒரு விருந்து. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். யாரோ அவளுடைய வண்டியைப் புகழ்ந்தார்கள். அவள் என் தோளில் கை போட்டுச் சொன்னாள்: "நல்ல மெக்கானிக் கெடைக்கறது கஷ்டம். அதான் கல்யாணமே பண்ணிக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீடு வரும் வழியெல்லாம் அவள் பின்னால் உட்கார்ந்து வந்த எனக்கு, அவளுடைய இடது கை லீவரை இரண்டு விரலால் அநாயாசமாக இழுப்பது மட்டும்தான் கண்ணில் பட்டது.

அடுத்த ஞாயிறு ஆயில் மாற்றும் நாள். கிளட்ச் மூடியைத் திறந்திருந்தேன். உள்ளே தட்டுகளை அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மெல்லிய வாஷர் வைத்தால் ஸ்பிரிங் இறுகும், லீவர் கனக்கும். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட வாஷர்கள் என் சட்டைப்பையில் கிடந்தன. வைத்தேன். முதல் தடவை அவ்வளவுதான், பெரிய திட்டமெல்லாம் இல்லை. இரண்டாம் தடவைக்கு நானே தேய்த்து எடுத்து வந்தேன்.

ஒரேயடியாக ஏற்றினால் யாருக்கும் தெரிந்துவிடும். லீவரில் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பேன். கைக்குத் தெரியாத அளவு எது என்று எனக்குத் தெரியும். என் தொழிலே அதுதான். மூடியைத் திறக்காத ஞாயிறுகளில் கேபிளைக் கொஞ்சம் மடக்கி விடுவேன், அல்லது லீவரைச் சற்றுத் தள்ளி வைப்பேன். கடைசியாக அந்த நீளமான இரும்புக் கையைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன்.

மழைக்காலம் வந்தபோது அவள் சொன்னாள், கிளட்ச் டைட்டாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்று. நான் உடனே ஏறித் தெருவில் ஒரு சுற்று வந்தேன். என் கை இரும்பு பிடித்துப் பழகிய கை. அவள் பார்க்கும்படி இரண்டு விரலால் இழுத்துக் காட்டினேன். வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். போகிற வழியில் ஏதாவது ஒரு மெக்கானிக்கிடம் காட்டட்டுமா என்று கேட்டாள். என் கை பட்ட வண்டியை இன்னொருவன் தொடுவதா என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அன்று முழுவதும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் அவளே வந்து மன்னிப்புக் கேட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் இரண்டு கையும் சூம்பிப் போய்விட்டன. தலை வாரிவிடுவது முதல் சோறு ஊட்டுவது வரை எல்லாம் என் மனைவிதான் செய்தாள். அதைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். ஒரு நாள் ஊசி மருந்துக் குப்பியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினாள். திறந்து கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன்.

"உங்க அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது?"

அன்றிலிருந்து யாரும் பார்க்காதபோது இடது கையை விரித்து விரித்துப் பார்ப்பாள். அதன்பின் லீவரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டியைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டுக் கையைச் சந்தேகிக்க ஆரம்பித்திருந்தாள்.

அவளை நான் ஏமாற்றினேன் என்று அவள் தங்கை உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஏமாற்று என்றால் பொய் இருக்க வேண்டும். வலி பொய் இல்லையே. மணிக்கட்டு நிஜமாகவே வீங்கியது. விரல்கள் நிஜமாகவே மரத்தன. டாக்டர் சோதனை செய்து, மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்றார். அம்மாவின் வியாதி இல்லை, பயப்பட வேண்டாம், கொஞ்ச நாள் வண்டி ஓட்டாமல் இருந்தால் சரியாகும் என்றார். அவள் அங்கேயே அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்.

லீவு போட்டு வீட்டில் இருந்தாள். சரியாகவும் ஆனது. நாங்கள் சாயங்காலம் நடக்கப் போனோம், சேர்ந்து சாப்பிட்டோம். என்னிடம் முழுசாக ஒரு பேச்சு பேசினாள். பிறகு ஒரு நாள் காலை, சட்டையை மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்றாள்.

அந்த ஞாயிறு நான் வண்டியைப் பழையபடி பஞ்சாக்கியிருக்கலாம். வாஷர்களை வெளியே எடுத்தால் போதும், ஒரு காலைப் பொழுது வேலை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். கடைசியில் இன்னும் ஒரு வரிசை வைத்து மூடினேன். நீங்கள் எதிலாவது கோடு போடுவதாக இருந்தால் இதன் கீழே போடுங்கள். மற்றதெல்லாம் பழக்கம். இதுதான் முடிவெடுத்துச் செய்தது.

மழைக்காலம் திரும்பி வருவதற்குள் கட்டை விரலின் அடிச்சதை வற்றிவிட்டது. இனி அறுவை சிகிச்சைதான் என்றார்கள். அவளை உள்ளே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். அபூர்வமாகச் சிலருக்கு நடப்பது அவளுக்கு நடந்தது. கட்டை விரலுக்குப் போகும் சின்ன நரம்பு ஒன்று அறுபட்டுவிட்டது. அது டாக்டரின் கை, என் கை இல்லை. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

வேலையை விட்டாள். வண்டி மூலையில் நின்றது. அவள் தங்கை வந்து, சும்மாதானே நிற்கிறது, நான் வேலைக்குப் போக எடுத்துக்கொள்கிறேன் மாமா என்றாள். சரி என்றேன். வாஷர்களை ஏன் அதற்கு முன்பே எடுக்கவில்லை என்று நேற்று உங்கள் ஸ்டேஷனில் ஒருவர் கேட்டார். எடுக்கத் தோன்றவில்லை. குற்றம் செய்தவன்தானே தடயத்தை அழிப்பான்?

தங்கை முதல் திருப்பம் தாண்டுவதற்குள் கை கடுத்து மெக்கானிக் கடையில் நிறுத்திவிட்டாள். அவன் மூடியைத் திறந்து, "யாரும்மா இதுல லாரிக்குப் போடற மாதிரி இறுக்கி வெச்சிருக்காங்க?" என்று கேட்டானாம். வாஷர்களை ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தானாம். இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்லை என்றும் சொன்னானாம். அதை அவள் தன் புகாரில் எழுதவில்லை.

தங்கை வந்து கத்தினாள். என் மனைவி கத்தவில்லை. சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"எப்போ நிறுத்தலாம்னு இருந்தீங்க?"

அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அந்தக் கையிலேயே பையைத் தூக்கப் பார்த்தாள். நழுவியது. நான் ஓடிப்போய் எடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் வெறும் கையோடு தங்கை பின்னால் போய்விட்டாள்.

இனி நான் சொல்லப்போவதை நீங்கள் கேட்கவில்லை. அவளுக்கும் இன்னும் தெரியாது. அறுவை சிகிச்சைக்குப் பின், தினமும் அழுத்திப் பயிற்சி செய்ய அவளுக்கு ஒரு நீலப் பந்து கொடுத்தார்கள். மெத்தென்ற பந்து. அது அழுந்த ஆரம்பித்தால் கை திரும்ப வரும் என்றார்கள். கொஞ்சம் அழுந்தத் தொடங்கிய வாரத்தில், அதே நீலத்தில் கடினமான பந்து ஒன்றைத் தேடி வாங்கி மாற்றி வைத்தேன். அதற்கும் நாள் பார்த்து, இன்னும் கடினமானது ஒன்று.

சாயங்காலமானால் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுத்துவாள். அழுந்தாது. அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை என் மடியில் வைத்து நீவி விடுவேன். "மெதுவா ஆகட்டும், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்பேன். என் தோளில் சாய்ந்துகொள்வாள். எங்கும் போக வேண்டியதில்லை, யாருடைய போனும் வராது. எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நாங்கள் மனம் ஒன்றி இருந்த நாட்கள் அவைதான். என்னை நம்பாவிட்டால் அவளையே கேட்டுப் பாருங்கள் மேடம், அவளும் இதையேதான் சொல்வாள்.