கடல்பன்றிக் கணக்கு

கற்பிட்டியிலிருந்து பாலாவிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு மீனவர்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“கடல்பன்றியால நான் பொய்யனாப் போனன், மச்சான்.”

கடற்பசுவைத்தான் இந்தப் பக்கம் கடல்பன்றி என்பார்கள். நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் காலடி வெங்காய மூட்டையை நகர்த்திவிட்டுத் திரும்பினார்.

“அது உங்கள என்ன செஞ்சது?”

“போன வருஷம் கணக்கெடுக்கிற ஆக்கள் வீடு வீடா வந்து கேட்டாங்களே, கடல்பன்றி கண்டீங்களா எண்டு?”

“ஓம். ஊரே பேசிவெச்சு இல்லையெண்டுதானே சொன்னம். இருக்கு எண்டா, அது கடல்புல்லு மேயுற பக்கம் வலை போட விடமாட்டாங்க.”

“அதே மாசம் போட்டுல போயும் எண்ணியிருக்காங்க. பிளேன்ல பறந்து படமும் எடுத்திருக்காங்க. இப்ப ஆராய்ச்சிக்கு வந்திருக்கிற பிள்ளைக்கு மூண்டு கணக்கையும் ஒண்டாச் சேர்த்துப் பார்க்கிறதுதான் வேல. நம்மட கணக்கு மட்டும் மத்த ரெண்டோடயும் ஒத்துவரல்லயாம்.”

“அதுக்கு நீங்க என்ன செய்ய?”

“படத்தக் காட்டிச்சு. புல்லுக்கு மேல தாயும் குட்டியும். பக்கத்தில என்ட மஞ்சப் போட்டு.”

“தண்ணிக்குள்ள நிண்டத நான் காணல்ல எண்டு சொல்லியிருக்கலாமே!”

“சொன்னன். பிள்ள படத்தப் பெருசாக்கிச்சு. போட்டுல நான் எழும்பி நிண்டு, கைய நீட்டி, குட்டிய உனக்குக் காட்டுறன்.”

மற்றவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“என்ட முகம் தெளிவா விழுந்திருக்கா?”