கழற்றி வைக்கும் காது

— தலையை ஆட்டாதீங்கம்மா. நல்ல காதை இந்தப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல வரைஞ்சுக்கிறேன்.

— வரைஞ்சதைத் திருப்பிப் போட்டுத்தானே வெட்டுவீங்க, டாக்டர்? இல்லேன்னா ரெண்டும் இடது காதாப் போயிடும்.

— அட! நானே ஒரு தடவை மறந்துட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இருபது வருஷமாத் துணி தைக்கிறேன். ஒரே சட்டைக்கு ரெண்டு வலது கை வெட்டினவதான் நானும்.

— அப்ப சுலபமா விளங்கும். விலாவிலேர்ந்து குருத்தெலும்பு எடுத்து, இந்த அளவுக்குச் செதுக்கி, தோலுக்கடியில வச்சுத் தைப்பேன். இடது பக்கம் வேண்டாம், அங்க பழைய முறிவு தெரியுது.

— படியில விழுந்தேன்.

— பரவாயில்லை, வலது பக்கம் போதும். உங்க சொந்த எலும்பு. கடைசி வரைக்கும் உங்க கூட இருக்கும்.

— இழுத்தா வலிக்குமா?

— ம். நாளாக ஆக உணர்ச்சி வந்துடும். நிஜக் காது மாதிரியே வலிக்கும்.

— சந்தோஷமாச் சொல்றீங்க.

— சந்தோஷப்பட வேண்டியதுதானே!

— அலமாரியில இருக்கே, அந்தக் காது?

— சிலிக்கோன். மண்டையெலும்புல திருகு போட்டு, காந்தத்துல ஒட்டிக்கும். படுக்கும்போது கழட்டி வைக்கணும். ரெண்டு வருஷத்துல வெளுத்துடும். எனக்கு அது பிடிக்காது.

— ஏன்?

— பிடிச்சு இழுத்தா கையோட வந்துடும்.

— ரத்தம் வராதில்ல?

— பொம்மைக்கு ரத்தம் ஏதும்மா?

— அதையே வைங்க.

— விளையாடாதீங்க. சீட்டுல நாய்க்கடின்னு இருக்கு, ஊசி போட்டதா எழுதலையே?

— வீட்டு நாய்தான்.

— தழும்பு சின்ன வளைவா இருக்கு. குட்டியா?

— இல்லை. நல்லா வளர்ந்தது.

— காதையே பிச்சு எடுத்திருக்கு, இன்னுமா வச்சிருக்கீங்க?

— பதிமூணு வருஷமாச்சு. எங்க விரட்ட? கோபம் வந்தாத்தான் கடிக்கும். மத்த நேரம் என் காலடியிலயே கிடக்கும்.

— நல்லா இருக்கே நியாயம்! நான் செஞ்சு வைக்கிறதையும் அது கடிக்கவா? ஆள் விட்டுப் பிடிச்சுட்டுப் போகச் சொல்றேன். இப்ப எங்க இருக்கு?

— மெல்லப் பேசுங்க, டாக்டர். வெளியே பெஞ்சுல உக்காந்திருக்காரு.