டிராகன் செத்த கதை

கைப்பேசி செஸ்ஸில் ஆக இலகுவான கட்டத்திலேயே தோற்கிறவன் நான். ஆனாலும் யாராவது செஸ் கதைத்தால் என் காதுக்குக் கிராண்ட்மாஸ்டர் திமிர் வந்துவிடும். செயின்ட்-மிஷேலில் மெட்ரோ ஏறிய ஒரு தம்பதி எனக்கு முன்னால் வந்து இருந்தார்கள்.

"என்ரை டிராகனைச் சாக்காட்டினது நீங்கள்தான்," என்றார் மனைவி.

டிராகன் என்பது கறுப்புக் காய்களோடு அவர் வழக்கமாக ஆடும், சிசிலியன் தற்காப்பில் ஒரு தொடக்க முறையாம். அன்றைய போட்டியில் அதை ஆடித் தோற்றுவிட்டு வருகிறார்.

"நான் என்னப்பா செய்தனான்?"

"கோயில் அன்னதானத்திலை ஆரோடை கதைச்சனீங்கள்?"

"கணேசண்ணையோடை. மனிசி டிராகன் ஆடுறதிலை புலியெண்டு பெருமைக்குச் சொன்னனான்."

"அவர்தான் இண்டைக்கு என்னோடை ஆடினவர். டிராகனைக் கரைச்சுக் குடிச்சுப்போட்டு வந்திருக்கிறார்."

"அவர் சாம்பார் வாளியோடை நிண்டவரப்பா! செஸ் ஆடுவாரெண்டு எனக்கென்ன தெரியும்?"

"நாளைக்குக் கடைசி ஆட்டம். வெண்டால்தான் கிண்ணம். என்ன ஆடப்போறனெண்டு உங்களுக்குச் சொல்லமாட்டன்."

கணவர் சுரங்க இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"எனக்காவது சொல்லுங்கோவன், அக்கா."

"நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்?"