தாளில் இல்லாத ஐந்தாம் ஆண்டு

அவைக்குத் தலைமை தாங்கி, அன்போடும் அதைவிட அதிகமான அச்சத்தோடும், "சுருக்கமா முடிச்சிடுங்கம்மா" என்று என் காதோரம் கேட்டுக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே! ஒன்பதாம் வகுப்பின் வாசலில் புதிய பிள்ளைகளை வரவேற்க வரிசையாக வந்தமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! வேலை முடிந்து வீட்டுக்கும் போகாமல், கசங்கிய சட்டையும் களைத்த கண்ணுமாகக் கால்கடுக்க நடந்துவந்த தந்தையரே! மடியில் இளையது, மனதில் மூத்தது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் சுமந்தபடி அமர்ந்திருக்கும் தாய்மாரே! பேரன் பேத்திகளின் படிப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட மூத்தோரே! இந்தக் கூட்டம் எப்போது முடியும் என்று ஒருவரையொருவர் கண்ணால் கேட்டுக்கொள்ளும் என் மாணவச் செல்வங்களே! இந்தப் பள்ளியில் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பாடம் நடத்தாமல், பாடங்களை எந்த ஆண்டில் எப்படிப் படிப்பது என்று திட்டம் போட்டே காலம் தள்ளிய ஆலோசனை ஆசிரியை, உங்கள் அனைவரையும் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நீளமான தாள் கொடுத்திருக்கிறோம். பிரித்துப் பாருங்கள். விசிறிக்கொள்ளக் கொடுக்கவில்லை, ஐயா! அதில் நான்கு கட்டங்கள். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கட்டத்துக்கு ஆறு பாடம். ஆக மொத்தம் இருபத்து நான்கு பாடம் தேறினால் பட்டயம் கையில், பாராட்டு காதில், பெற்றோர் கண்ணில் நீர். இதற்கு நாங்கள் நான்காண்டுத் தாள் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆண்டுதோறும் பிள்ளை எழுத வேண்டும், பெற்றோர் கையெழுத்திட வேண்டும், நான் முத்திரை குத்த வேண்டும்.

இந்தத் தாளை எப்படி நிரப்புவது என்று சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். ஆனால் அன்பர்களே, இந்தத் தாளை வைத்து நான் செய்த ஒரு தவறைத்தான் இன்று சொல்லப்போகிறேன். தலைமையாசிரியர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். அவருக்கும் அதில் பங்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் சேர்ந்தாள். அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கேள்வி முடியுமுன் பதில் சொல்வாள், மணி அடிக்குமுன் வகுப்பில் இருப்பாள், படியில் இரண்டிரண்டாகத் தாவுவாள். ஆகவே அவளுக்கு ராக்கெட் என்று பெயர். அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி கட்டுகிறவர். முதலாண்டில் ஆறு பாடம், ஆறிலும் முதல் மதிப்பெண். அவள் தாளைப் பார்த்தாலே எனக்குப் பசி எடுக்காது, அவ்வளவு நிறைவு.

இரண்டாமாண்டில் அம்மாவுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. எழுந்து நடமாட ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். வீட்டில் எட்டு மாதத் தங்கை. அப்பாவுக்கோ விடிந்தால் வண்டி. அந்தக் குழந்தையை யார் தூக்குவது? யார் குளிப்பாட்டுவது? யார் தூங்க வைப்பது? பதினைந்து வயது ராக்கெட் புத்தகப்பையை ஆணியில் மாட்டிவிட்டுத் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அம்மா எழுந்து நடந்த நாளில் குழந்தையும் நடக்கத் தொடங்கியதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அத்தனை பெருமை. ஆனால் என் தாளில் நான்கு பாடங்கள் விழுந்துவிட்டிருந்தன.

இங்கேதான் உங்கள் ஆலோசனை ஆசிரியையின் கெட்டிக்காரத்தனம் களமிறங்கியது. ஊருக்குப் போகிற பெட்டியில் துணி அடுக்குவதில் சிலர் வல்லவர்கள், பார்த்திருப்பீர்கள். மூடியின் மேல் உட்கார்ந்தாவது பூட்டிவிடுவார்கள். நான் அந்த வகை. நான்காம் ஆண்டில் கைவைக்கக் கூடாது, அங்கே பெரிய தேர்வு இருக்கிறது. ஆகவே விழுந்த நான்கையும் மூன்றாம் ஆண்டிலேயே திணித்தேன். காலை மணிக்கு முன் ஒன்று. சாப்பாட்டு வேளையில் ஒன்று. மாலை மணிக்குப் பின் ஒன்று. சனிக்கிழமை ஒன்று. ஆறும் நான்கும் பத்து! ஒரு வெற்றிடம் இல்லை, ஒரு விரல்கடை இல்லை. அப்பா மகிழ்ந்து கையெழுத்திட்டார். நான் மகிழ்ந்து முத்திரை குத்தினேன். தலைமையாசிரியர் அந்தத் தாளை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் காட்டி, "திட்டம்னா இப்படி இருக்கணும்" என்றார். நான்தான் சொன்னேனே, அவருக்கும் பங்கு உண்டு என்று!

சிரிக்கிறீர்கள். நாங்களும் அன்று சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தப் பிள்ளை எப்போது சாப்பிடும் என்று எங்கள் மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

அரையாண்டுத் தேர்வு வந்தது. இயற்பியல் ஆசிரியர் ஒரு விடைத்தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூன்றாவது கேள்வி வரை முத்து முத்தான கையெழுத்து. நான்காவது விடையின் நடுவே, ஒரு சொல்லின் பாதியில், பேனா வழுக்கி, ஒரு கோடு கீழே இறங்கி இறங்கித் தாளின் அடிவரை போயிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறாள். "எழுப்ப மனசு வரல மிஸ்" என்றார் அவர். இருபத்து மூன்று ஆண்டில் எத்தனையோ விடைத்தாள் பார்த்திருக்கிறேன், அந்தக் கோட்டைப் போல என்னைக் கேள்வி கேட்டது எதுவுமில்லை. நான் அழுதேன்.

மறுநாள் அவளே வந்தாள். கையில் இரண்டு தாள். ஒன்று, நான் திணித்து நிரப்பிய அதே நான்காண்டுத் தாள். அதன் வலது ஓரத்தில் நோட்டுப் புத்தகத்திலிருந்து வெட்டிய துண்டொன்றைப் பசை போட்டு ஒட்டி, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்திருந்தாள். விழுந்த நான்கு பாடங்களும் அதில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. மற்றொரு தாள், பள்ளியை விட்டு விலகும் படிவம். அதையும் நிரப்பியே கொண்டுவந்திருந்தாள்.

"மிஸ், இது முடியும்னா இதுல முத்திரை குத்துங்க. முடியாதுன்னா அதுல குத்துங்க. ரெண்டுல ஒண்ணு இன்னைக்கே வேணும்."

"என்னடி பேச்சு இது? அஞ்சாவது வருஷம்னு ஒண்ணு கிடையாதும்மா."

"யாரு மிஸ் சொன்னாங்க?"

யார் சொன்னார்கள்? தாய்மாரே, தந்தையரே, நீங்களே சொல்லுங்கள்! அவளை உட்காரவைத்துவிட்டுப் பதிவறைக்கு ஓடினேன். விதிப்புத்தகத்தைத் தூசி தட்டிப் புரட்டினேன். இருபத்து நான்கு பாடம் என்று இருக்கிறது. இருபத்தொரு வயதுக்குள் என்று இருக்கிறது. நான்காண்டு என்று எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை! அங்கிருந்த மூத்த எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:

"அந்தத் தாளு அச்சடிச்சப்ப நான்தாம்மா கூட இருந்தேன். அஞ்சு கட்டம் போட்டா எழுத்து பொடிசாயிடும்னு அச்சுக்காரர் நாலோட நிறுத்திட்டாரு. அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம்! தாளின் அகலத்தை நாங்கள் சட்டம் என்று நம்பியிருக்கிறோம். அச்சுக்காரர் நிறுத்திய இடத்தில் பிள்ளைகளின் படிப்பையும் நிறுத்தியிருக்கிறோம். அப்படியானால் இத்தனை ஆண்டும் நான்கு கட்டத்துக்குள் முடிக்க முடியாதவர்கள் என்ன ஆனார்கள்? "அவங்கல்லாம் நின்னுட்டாங்கம்மா" என்றார் எழுத்தர். அவருக்குப் பின்னால் ஓர் அலமாரி முழுக்க அவர்களுடைய கோப்புகள். சிலருக்கு மூன்று பாடம் மிச்சம். சிலருக்கு இரண்டு. ஒருவருக்கு ஒன்றே ஒன்று. பெரும்பாலான விலகல் படிவங்களில் என்னுடைய முத்திரை இருந்தது.

அன்றே அப்பாவை வரச் சொன்னேன். பேருந்தின் இரண்டு நடைகளுக்கு நடுவே நாற்பது நிமிடம் கிடைத்ததென்று சீருடையோடு வந்தார். ஒட்டுப்போட்ட தாளைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஒரு வருஷம் பின்னாடியா? இவ கூட்டாளிங்கல்லாம் மேடை ஏறும்போது இவ கீழ நிப்பாளா? டீச்சர், நாலு பேரு கேட்டா நான் என்ன பதில் சொல்றது? இவளாலதான் என் வீடே நின்னுச்சு. இவளைப் போயி ஃபெயிலாயிட்டான்னு சொல்லிட்டா?"

பாருங்கள், அவருக்குக் கோபம் மகள்மேல் இல்லை. அந்த ஐந்து மாதத்துக்குக் கைம்மாறாக அவளைக் குறித்த நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்கிற தவிப்பு. எந்தத் தகப்பனுக்குத்தான் அது இருக்காது? மகள்தான் பேசினாள்.

"அப்பா, உங்க வண்டி லேட்டாயிட்டா நடுவுல இருக்கற ஸ்டாப்பையெல்லாம் விட்டுட்டு ஓட்டுவீங்களா?"

"அதெப்படிம்மா முடியும்? ஸ்டாப்புல ஆளு நிக்குமே."

"அந்த ஸ்டாப்புல நான்தாம்ப்பா நிக்கறேன்."

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டார். அப்புறம் கேட்டார், "தூக்கம் வருதாடா கண்ணு உனக்கு?" அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி அது. அவர் என் பக்கம் திரும்பி, "எங்க கையெழுத்துப் போடணும் டீச்சர்?" என்றார். ஒட்டிய துண்டிலும் பழைய தாளிலும் சேர்ந்து விழும்படி நான் முத்திரையைக் குத்தினேன். விலகல் படிவத்தை அவளே எடுத்துக் கிழித்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் இனித்ததா? இல்லை. கதை சொல்வதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். அவள் வகுப்புத் தோழர்கள் மேடையேறிய நாளில், இதே அரங்கின் வாசலில் நின்று, வந்தவர்களுக்கு அவள் இருக்கை காட்டினாள். சிரித்த முகமாகத்தான் காட்டினாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு கைகழுவும் இடத்தில் தனியாக நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "ஒண்ணும் இல்ல மிஸ், தண்ணிதான்" என்றாள். தண்ணீர்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு அவள் முறை. பெயரைப் படித்தார்கள். அவள் நடந்தாள். இரண்டிரண்டு படியாகத் தாவவில்லை, ஒவ்வொரு படியாக ஏறினாள். அப்போது கடைசி வரிசைகளில் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்க்கிறேன், முந்தின ஆண்டு முடித்துப் போனவர்கள்! கல்லூரியிலிருந்து, கடையிலிருந்து, பட்டறையிலிருந்து, பதினேழு பேர் வந்து எழுந்து நின்று, "ராக்கெட்! ராக்கெட்!" என்று கத்துகிறார்கள். தலைமையாசிரியர் அமைதி அமைதி என்று கையமர்த்துகிறார், கையமர்த்திக்கொண்டே கைதட்டுகிறார். அவள் அப்பா மட்டும் தட்டவில்லை. தட்டக் கை எங்கே இருந்தது? ஒரு கையில் மனைவி, ஒரு கையில் சின்னவள்.

பெற்றோரே! பெரியோரே! திட்டம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திட்டம் இல்லாத பிள்ளை திண்டாடும், எனக்குத் தெரியும். ஆனால் தாளுக்காகப் பிள்ளையா, பிள்ளைக்காகத் தாளா? கட்டத்துக்குள் அடங்க வேண்டியது பாடமா, பாவம் அந்தப் பதினைந்து வயதா? நான்கில் முடித்தால் நன்று. ஐந்தில் முடித்தாலும் அதே பட்டயம், அதே கையெழுத்து, அதே மை! மாணவச் செல்வங்களே, உங்கள் தாளை என்னிடம் கொண்டு வரும்போது பாடங்களை மட்டும் எழுதாதீர்கள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் யாரைத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், அதையும் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டுத்தான் இனி நான் முத்திரையை எடுப்பேன்.

கடைசியாக ஒன்று. முடித்துவிடுகிறேன், தலைவர் அவர்களே, இன்னும் ஒரே ஒரு நிமிடம். இந்தக் கல்வியாண்டு முதல், இடையில் நின்றவர்கள் வயது எதுவானாலும் மிச்சப் பாடங்களை மாலை வகுப்பில் முடிக்கலாம் என்று நம் பள்ளிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அதற்காக ஆறு முறை அலைந்தவர் இதோ அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர். தன் பங்கை அவர் தீர்த்துவிட்டார். ஆகவே, பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கும் பெற்றோரே, உங்களில் யாருக்காவது ஒன்றோ இரண்டோ பாடம் மிச்சமிருந்தால், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவில்லை என்று இத்தனை காலம் உள்ளுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தால்...

அம்மா. பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில். கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்குகிறீர்களே, உங்களைத்தான். இறக்காதீர்கள் அம்மா. நான் பார்த்துவிட்டேன். பக்கத்தில் இருப்பது மகளா? ஒன்பதாம் வகுப்பா? கண்ணே, அம்மா கையைப் பிடித்துக்கொள். இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கு. அதோ, இடப்பக்கம் ஓர் அண்ணனும் தூக்குகிறார். அதோ இன்னொருவர். தூக்குங்கள், தூக்குங்கள்! உங்கள் விலகல் படிவத்தில் என் முத்திரை இருந்தால் என்னை மன்னியுங்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு என் அறைக்கு உங்கள் பிள்ளையோடு வாருங்கள், இரண்டு தாள் எடுத்து வைத்திருப்பேன்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட அவைக்கும், ஒலிபெருக்கியை அணைக்காத தம்பிக்கும், இப்போது கைதூக்கி நிற்கிற உங்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!