கல் பெட்

இந்த அறையில் மின்விசிறியைத் தவறான இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் நினைத்தது அதைத்தான். காற்றெல்லாம் மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கு வருகிறது. கேள்வி கேட்கும் நீங்கள் வியர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓர் அறைக்குள் எது யாருக்கு எட்டும், யாருக்கு எட்டாது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நர்ஸாகவும் பிறகு மேட்ரனாகவும் இருந்ததில் வந்த பழக்கம்.

ஜெபசீலன் ஐயா, விசாரணைக் குழுவின் தலைவராக நீங்கள் என்னைப் பொறுமையாகவே நடத்துகிறீர்கள். ராஜம்மாள் இறந்ததற்குக் கட்டட அமைப்பின் குறைதான் காரணம் என்று நான் சொல்லிவிட்டால் போதும் என்று காலையிலேயே ஜாடை காட்டினீர்கள். உங்கள் கருணை. ஆனால் சுவர்மேல் பழி போடுவது எனக்குப் பிடிக்காது. சுவர் யாரையும் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைப்பதில்லை.

1997இல் பெண்கள் வார்டைப் புதிதாகக் கட்டினோம். பழைய கட்டடத்தை இடித்தபோது ஒரே ஒரு சுவரை மட்டும் விட்டுவைத்தார்கள். ஆஸ்பத்திரியைத் தொடங்கிய வெள்ளைக்கார டாக்டரம்மாவின் நினைவுக் கல் பதித்த சுவர். அந்தக் கல்லின் முன் நின்றுதான் தினமும் காலை ஜெபம். அதை இடிக்க ஆஸ்பத்திரியின் நிர்வாக சபையில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நீங்களும் கை தூக்கினீர்கள், ஐயா. ஆகவே புத்தம் புதிய வார்டின் நடுவே ஒரு பழைய சுவர் நின்றது. அதற்குப் பின்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் மிஞ்சியது.

எஞ்சினியர் ஜோனதன் அங்கே துணி அலமாரி வைக்கச் சொன்னார். நர்ஸ் மேஜையிலிருந்து அந்த இடம் தெரியாது. சுவரைக் குடையக் கூடாது என்பதால் அழைப்பு மணிக்கு வயர் இழுக்க முடியவில்லை, ஆக்ஸிஜன் குழாயும் வரவில்லை.

"மேட்ரன், உங்க மேஜைலேர்ந்து தெரியாத கட்டிலு, ரோட்ல போட்ட கட்டில் மாதிரி," என்றார்.

விவரமான மனிதர். அவர் சொன்னதை நான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அவர் வேலை முடித்துப் போனதும் அலமாரியை வராந்தாவுக்கு மாற்றிவிட்டு, அங்கே ஒரு கட்டிலைப் போடச் சொன்னேன்.

மணி இருந்தால் அடிப்பார்கள். தலையணை சரிந்தால் அடிப்பார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு மகன் வந்து, தன் மகன் வராவிட்டால் அதற்கும் அடிப்பார்கள். ஒருத்தி கத்தினால் வார்டு முழுவதற்கும் தூக்கம் போகும். அமைதியும் ஒரு மருந்துதான். கத்துகிறவர்களைச் சுவருக்குப் பின்னால் மாற்றினேன். அடங்கிவிட்டார்கள். கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை என்பது மனதுக்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடும். நர்ஸ்கள் அதற்குக் கல் பெட் என்று பெயர் வைத்தார்கள். அடம்பிடிக்கும் நோயாளியிடம், "இன்னாம்மா, கல் பெட்டுக்குப் போறியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வார்டைப் பார்வையிட வந்தவர்கள் இவ்வளவு அமைதியான வார்டைப் பார்த்ததில்லை என்று என் கையைக் குலுக்கினார்கள். கல் பெட்டிலிருந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. போகாதவர்களும் உண்டு. எந்தக் கட்டிலுக்கும் அப்படிச் சொல்லலாம்.

ராஜம்மாள் 2003இல், மழைக்காலம் முடிந்ததும் வந்தாள். ஆம்பூர் டேனரியில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவள். முதலில் அவளை நர்ஸ் மேஜைக்கு எதிர்க் கட்டிலில்தான் படுக்கவைத்தோம். தலைமாட்டில் மணி, பக்கத்திலேயே ஆக்ஸிஜன். நான் ரவுண்ட்ஸ் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோல் பதனிட்ட கை. என்ன சோப்புப் போட்டாலும் அந்த வாசம் போகாது. அது எனக்குத் தெரியும்.

"இன்னாடி, என்னைத் தெர்லயா?" என்றாள். அப்புறம் ஒரு பெயரைச் சொன்னாள்.

என் பெயர் ஃபீபி. நெமிலியில் போர்டிங் பள்ளியில் இருந்தபோது ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். என் ஊர் நெமிலி என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஆம்பூரில் ஏதோ ஒரு டேனரி லைன் வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்திருக்கலாம். அதற்கு ஒரு பெயரும் இருந்திருக்கலாம். சத்துவாச்சாரியில் என் அக்கம்பக்கத்தாருக்கு அது தெரிய வேண்டிய அவசியமில்லை. என் வார்டுக்கும் அவசியமில்லை.

ராஜம்மாள் கையை விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரியிடமும் என்னோடு ரவுண்ட்ஸ் வந்த நர்ஸ் அக்சாவிடமும் பெருமையாகச் சொன்னாள்.

"இவங்கம்மாவும் நானும் ஒண்ணா சுண்ணாம்புத் தொட்டில நின்னோம். எங்கையால சோறு துன்ன பொண்ணு. இப்ப பாரு, வெள்ளைச் சீலை கட்னுகினு எம்மாம் கம்பீரமா நிக்குது."

அக்சா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை என்று இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இருக்கலாம்.

அன்று மத்தியானமே ராஜம்மாளைக் கல் பெட்டுக்கு மாற்றினேன். ஜாஸ்தி பேசுகிறாள், பேசினால் மூச்சு வாங்கும் என்று காரணம் சொன்னேன். அது மருத்துவப்படி சரி. ஆக்ஸிஜன் வேண்டுமானால் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகலாம் என்றேன். அதுவும் சரி. சாயங்காலம் அவள் மகள் மனோரமா, ஷூ கம்பெனியில் தையல் வேலை முடிந்து வந்தவள், சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு மணி எங்கே என்று கேட்டாள்.

"அதான் குரல் இருக்குதேம்மா. கூப்ட்டா வரப்போறோம்," என்றேன்.

மறுநாள் காலை ஜெபத்துக்கு எல்லோரும் கல்லின் முன் நின்றோம். டூட்டி முடிந்தவர்களும், டூட்டிக்கு வந்தவர்களும். எல்லார் முகமும் சுவரைப் பார்த்து. முதல் பாட்டு முடியும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. அக்சா காலை எடுத்து வைத்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் மறுபடி கல்லின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எங்கள் வழக்கம் ஒரு பாட்டு, ஒரு வசனம், ஜெபம். அன்று இன்னொரு பாட்டு பாடலாம் என்றேன். எல்லாருக்கும் தெரிந்த, வாய்விட்டுப் பாடும் பாட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். நன்றாகப் பாடினார்கள். அது முடிந்தபோதும் சத்தம் இருந்தது, சன்னமாக. இன்னும் ஒன்று பாடினோம். அதற்குப் பிறகு இல்லை. அக்சா உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னாளாம். தானும் பாடினதைச் சொன்னாளா?

எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லப்போவதில்லை. வம்புக்குக் கூப்பிடும் குரல் எது, மூச்சு முட்டும் குரல் எது என்று தெரியாதவள் மேட்ரனாக இருக்க முடியாது. எனக்குக் கேட்டது. என்னவென்று தெரிந்தது. அவளை அங்கே படுக்க வைத்தது நான். பாட்டை எடுத்துக் கொடுத்ததும் நான். ஜெபம் முடிந்ததும் முதலில் போனதும் நான்தான். அவள் கண்களை மூடிவிட்டேன். போர்வையைச் சரிசெய்தேன். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபப்படுவதற்கு அவளை எனக்குத் தெரியவே தெரியாது. வார்டு ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கடைசியாக ஒன்று கேட்கிறீர்கள். மனோரமா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளாம். என் மன்னிப்பு அவளுக்கு வேண்டாமாம். அம்மா சாகும்போது யாரைக் கூப்பிட்டாள் என்பது மட்டும் தெரிய வேண்டுமாம். தன்னையா, சாமியையா என்று. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடுங்கள் மேட்ரன் என்கிறீர்கள்.

பழைய காலத்துச் சுவர், கனமானதுதான். ஆனால் ஜெபத்தில் நான் கல்லை ஒட்டித்தான் நிற்பேன். தெளிவாகவே கேட்டது. மகளையும் கூப்பிடவில்லை, சாமியையும் கூப்பிடவில்லை. திரும்பத் திரும்ப ஒரே பெயர்.

அதை நான் சொல்ல மாட்டேன், ஐயா. அந்தப் பெயரில் எங்கள் வார்டில் யாரும் வேலை செய்யவில்லை.